கெட்டிக்காரப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

செஞ்சி பேருந்து நிலையத்தில் ஒரு மாலை, அனந்தபுரம் போகும் பேருந்துக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்கள்தான் இருக்கும். வந்து நின்ற ஒவ்வொரு பேருந்தின் பலகையையும் அந்தப் பெண் குழந்தை உரக்கப் படித்தாள். திண்டிவனம். திருவண்ணாமலை. மேல்மலையனூர். புதுச்சேரி. எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலண்ணா. கடையில பொட்டலம் மடிச்சித் தர்ற பேப்பர எடுத்து வெச்சிக்கினு அதுவா படிக்குது. பள்ளிக்கூடத்துல மத்த புள்ளைங்க 'அ' எழுதறதுக்குள்ள இது எழுதி முடிச்சிட்டு எழுந்து சுத்துதாம். அடங்க மாட்டேங்குதுன்னு டீச்சரு சொல்றாங்க. வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேத்துடட்டுமா? குழுவுல அம்பதாயிரம் லோன் தர்றாங்க."

பேருந்து வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. கடன் வாங்கி வேன் ஏற்றுவதா, இருக்கிற பள்ளியிலேயே விடுவதா என்பது மட்டும் அல்ல அந்தக் கேள்வி. நம் தெருவில் ஒரு பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாகப் பிறந்துவிட்டால் அதற்குரிய பள்ளி எது, எந்த வயதில் எந்தக் கதவைத் தட்டவேண்டும், உள்ளே போக என்ன விலை கேட்பார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

திண்டிவனத்துக்குப் படிக்க வந்த சிறுவன்

அந்தக் குழந்தை முதலில் படித்த பலகை திண்டிவனம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊருக்குப் படிக்க வந்த ஒரு சிறுவனின் கதை இந்தக் கேள்விக்கு நெருக்கமானது.

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-ஆம் ஆண்டு ஓர் ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்தவர் முனுசாமி. படிப்பில் கெட்டிக்காரர். தொடக்கக் கல்வியை முடித்ததும் மேற்படிப்புக்குத் திண்டிவனத்திலிருந்த அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் சேர்ந்தார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளிகளின் திண்ணைகூடக் கிடைக்காத காலம் அது. அந்த நாளில் நம் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் சொன்னவை பெரும்பாலும் மிஷன் பள்ளிகளே. அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் முனுசாமியிடம், மதம் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒரு கட்டத்தில் வந்து நின்றது. அவர் இசையவில்லை. படிப்பு நின்றது. பெற்றோர் பிழைப்புத் தேடிப் போயிருந்த கோலார் தங்கவயலுக்கு அவரும் போனார்.

பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகச் சேர்ந்து, தமிழும் வேதாந்தமும் கற்றுத் துறவியானார். 1910-இல் சிதம்பரத்துக்கு வந்தார். 1916-இல் 25 பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் நந்தனார் பள்ளி. அந்த முனுசாமியைத்தான் நாம் சுவாமி சகஜானந்தர் என்று அறிகிறோம். சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதும் நம் பிள்ளைகளின் படிப்புக்காகவே அவர் அதிகம் பேசினார். அவர் 1959-இல் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அரசுப் பள்ளியாக நடக்கிறது.

தன் அறிவை ஏற்றுக்கொண்ட பள்ளி பதிலுக்கு வேறொன்றைக் கேட்டதை அவர் சிறுவயதிலேயே பார்த்தவர். பதிலுக்கு எதையும் கேட்காத பள்ளி ஒன்றை அவரே கட்டவேண்டியிருந்தது. இன்று நம் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியிடமும் நாம் பார்க்க வேண்டியது இதைத்தான்: சொல்லித் தருவதற்குப் பதிலாக இது எதைக் கேட்கிறது? சில பள்ளிகள் பணம் கேட்கும். சில பள்ளிகள் வாயைத் திறக்காமல் தன்மானத்தைக் கேட்கும்.

குறும்பு என்று சொல்லப்படுவது

வகுப்பில் மற்றவர்களைவிட வேகமாகக் கற்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் 'மீத்திறன் மாணவர்' என்பார்கள். நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைதான் மீத்திறன் பிள்ளை என்றில்லை. ஒருமுறை கேட்டதை மறக்காமல் இருப்பது, யாரும் சொல்லித் தராமல் எழுத்தை அறிவது, கடையில் சில்லறைக் கணக்கை வாயிலேயே போடுவது, ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி கேட்பது, தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எரிச்சலடைவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

இதில் கடைசி அடையாளம்தான் நம் பிள்ளைகளுக்குக் கெடுதலாக முடிகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை வகுப்பில் எழுந்து சுற்றினால் 'ரொம்ப ஷார்ப்பு' என்பார்கள். தெற்குத் தெருப் பிள்ளை அதையே செய்தால் 'அடங்க மாட்டேங்குது' என்பார்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை அடங்கிவிடும். அதன்பிறகு கேள்வி கேட்காது. நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாக உட்கார்ந்திருக்கும். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை நம் கண்ணெதிரே காணாமல் போவது இப்படித்தான்.

இது நடக்காமல் தடுக்க ஒரு தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்குரிய பயிற்சியைத் தரவேண்டும். ஆகவே, "என் புள்ள எந்த நிலையில இருக்குதுங்க டீச்சர்? மலர் நிலைப் பயிற்சி குடுக்கிறீங்களா?" என்று கேட்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை உண்டு. சண்டை போடத் தேவையில்லை. கேட்கத் தெரிந்த தாய் என்று தெரிந்துவிட்டாலே அந்தப் பிள்ளையின் மேல் ஒரு கண் விழும்.

முதல் வாசல்: எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு

வேன் வரும் பள்ளிக்குக் கடன் வாங்கித்தான் போகவேண்டும் என்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, சிறுபான்மையினர் அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். பள்ளிக்கு அரசு பணம் கட்டிவிடும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்ற வகையில் விண்ணப்பிக்கலாம். இந்த வகைக்கு வருமான வரம்பு கிடையாது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவை போதும். விண்ணப்பம் இணையவழி. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். இந்தச் சட்டத்தின்படி பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல், தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. நன்கொடையும் கேட்கக் கூடாது.

ஆனால் இந்த வாசலின் குறைகளையும் தெரிந்துகொண்டே நுழைய வேண்டும். முதலாவது, தூரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. அனந்தபுரம் போன்ற பேரூராட்சியில் இது ஓரளவு சாத்தியம். சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளிக்கு எங்கே போவது? இரண்டாவது, இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாவிட்டால், பதின்மூன்று வயதில், பழகிய நண்பர்களை விட்டுப் பிள்ளை இன்னொரு பள்ளிக்கு மாறவேண்டும். மூன்றாவது, எல்லா ஆண்டும் எல்லாம் ஒழுங்காக நடப்பதில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான நிதிச் சிக்கலால் 2025-26 கல்வியாண்டில் இந்தச் சேர்க்கை, பள்ளிகள் திறந்து பல மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள், அல்லது ஆசையை விட்டார்கள்.

பத்து வயதில் வரும் திருப்பம்

ஐந்தாம் வகுப்பு முடியும்போது எடுக்கும் முடிவு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் தன் முகத்தைக் காட்டும். நம் வீடுகளில் பலருக்கு இது தெரிவதில்லை.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. பெண் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஆறாம் வகுப்பில் 'நல்ல பள்ளி' என்று கடன் வாங்கி ஒரு சாதாரணத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், இந்த ஒதுக்கீடு கையைவிட்டுப் போகிறது. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவ ஒதுக்கீட்டில் இடம் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைவிடப் பள்ளி தேடுகிறவர்களுக்கு ஆறாம் வகுப்பில் சில கதவுகள் உண்டு. உடுமலை அருகே அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் அகில இந்திய நுழைவுத் தேர்வு. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம். இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். செஞ்சி வட்டாரத்தில் நம்மோடு வாழும் இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் உண்டு. அவற்றில் ஒன்று கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களில் சிறந்தவர்களைத் தரமான தனியார் பள்ளிகளில் அரசுச் செலவில் படிக்கவைக்கும் திட்டங்களும் ஆதிதிராவிடர் நலத் துறையில் உண்டு. விழுப்புரத்திலுள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் பிப்ரவரி, மார்ச்சிலேயே போய்க் கேட்டு வையுங்கள். ஜூனில் போனால் 'முடிந்துவிட்டது' என்பார்கள்.

கிராமத்து மீத்திறன் பிள்ளைகளுக்கென்றே 1986 கல்விக் கொள்கையின்படி நாடெங்கும் தொடங்கப்பட்டவை நவோதயா பள்ளிகள். ஆறாம் வகுப்பில் தேர்வு எழுதிச் சேரலாம். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அரசுச் செலவு. முக்கால்வாசி இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அப்படிப்பட்ட பள்ளி ஒன்று பக்கத்தில் புதுச்சேரி காலாப்பட்டில் இருக்கிறது. ஆனால் அது புதுச்சேரிப் பிள்ளைகளுக்கானது. மும்மொழித் திட்டத்தை ஏற்பதில்லை என்ற நிலைப்பாட்டால் தமிழ்நாட்டில் ஆட்சிகள் மாறியும் நவோதயா பள்ளி வரவில்லை. இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. மொழிக் கொள்கையில் மாநிலத்தின் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கொள்கைக்காக ஒரு பள்ளியை வேண்டாம் என்றால், அதே தரத்தில் இன்னொன்றைத் தரும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

பதினான்கு வயதில் திறக்கும் கதவுகள்

அந்தக் கடமையை மாநில அரசு ஒரு வகையில் செய்திருக்கிறது. 2021-க்குப் பிறகு தொடங்கப்பட்ட அரசு மாதிரிப் பள்ளிகள் இப்போது 38 மாவட்டங்களிலும் உள்ளன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கலாம். அங்கிருந்து பிள்ளைகள் ஐ.ஐ.டி. போன்ற உயர்கல்வி நிறுவனங்களுக்குப் போகிறார்கள்.

எட்டாம் வகுப்பில் எழுதக்கூடிய என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். பட்டியல் சாதியினருக்கென்றே மத்திய அரசு நடத்தும் 'ஸ்ரேஷ்டா' திட்டத்தில் தேர்வு எழுதினால் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் சிறந்த தனியார் சி.பி.எஸ்.இ. உறைவிடப் பள்ளிகளில் அரசுச் செலவில் சேரலாம். இதற்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஒன்பதாம் வகுப்பில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் உதவித்தொகைக்குத் தேர்வாகிறார்கள். தொகை சிறியதுதான். ஆனால் போட்டித் தேர்வில் பெயர் வந்த பிள்ளைக்குத் தன்மேல் வரும் நம்பிக்கை பெரியது.

இப்போது இந்தக் கதவுகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். எல்லாவற்றிலும் பெரிய கதவுகள் ஒன்பதாம் வகுப்பில்தான் திறக்கின்றன. திறமையோ ஐந்து வயதில் தெரிந்துவிடுகிறது. நடுவில் ஒன்பது ஆண்டுகள். வசதியான வீடுகளில் அந்த ஒன்பது ஆண்டுகளைப் புத்தகமும் டியூஷனும் படித்த பெற்றோரும் நிரப்புகிறார்கள். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்பும் வீடுகளில் அந்த ஆண்டுகளை யார் நிரப்புவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் அது 71.88 மட்டுமே. இடையிலுள்ள அந்தப் பள்ளத்தில் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

ஆகவே, சிறு பிள்ளைக்குச் சரியான பள்ளி என்பது அந்த ஒன்பது ஆண்டுகளும் அந்த நெருப்பை அணையாமல் காக்கும் பள்ளி. அது அரசுப் பள்ளியாகவும் இருக்கலாம், தனியார் பள்ளியாகவும் இருக்கலாம். கட்டடத்தின் வண்ணத்தையும் டை கட்டிய பிள்ளைகளையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேர்ப்பதற்கு முன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

நம் தெருப் பிள்ளைகள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? கூட்டுபவர், தண்ணீர் எடுப்பவர், கழிவறை கழுவுபவர் யார்? 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானதை மறக்க வேண்டாம். ஆசிரியர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, தெருவைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அரசுப் பதிவேடுகளிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025-இல் முதலமைச்சர் அறிவித்தார். ஆனால் அது வாயிலிருந்து நீங்கியதா என்று வகுப்பறையில்தான் தெரியும். உதவித்தொகைப் பட்டியலை எல்லோர் முன்னும் எழுந்து நிற்கவைத்து வாசிக்கிறார்களா? நூலகப் புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பூட்டிய அலமாரியில் இருக்கிறதா?

கடைசியாக ஒரு சோதனை. பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் பள்ளி என்ன செய்கிறது என்று பாருங்கள். நம் செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உலகமே பார்க்க வரும் அந்தக் கோட்டையின் மலைகளில் ஒன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பெயர். "மத்த மலைக்கெல்லாம் ராஜா பேரு, கிருஷ்ணர் பேரு. இதுக்கு மட்டும் ஏன் டீச்சர் இந்தப் பேரு?" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். "உட்காரு" என்று சொல்லும் பள்ளி உண்டு. "நல்ல கேள்வி, வா தேடிப் பார்ப்போம்" என்று சொல்லும் பள்ளியும் உண்டு. இரண்டாவது பள்ளி ஓலைக் கூரையில் நடந்தாலும் அங்கே சேருங்கள்.

படிப்பில் முன்னுக்கு வரும் தலித் பிள்ளை சந்திக்கும் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்துவந்த மாணவர் ஒருவரை அவருடைய பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காப்பாற்ற வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, மாணவரின் சாதி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதால் முதலில் அடிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்.

நலப் பள்ளிகளை என்ன செய்வது?

நமக்கென்றே உள்ள ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேல். இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்க வேண்டும் என்று சந்துரு குழு சொன்னது. பிரித்து வைப்பதே தீண்டாமையின் தொடர்ச்சி என்பது ஒரு வாதம். இணைத்தால் நம் நிலமும் நம் பள்ளியும் நம் பிள்ளைகளுக்கான கவனமும் போய்விடும் என்பது எதிர்வாதம். இரண்டையும் நம் ஆட்களே சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, பெயர்ப் பலகையில் எந்தத் துறை என்பதைவிட, காலிப் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, அறிவியல் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே பிள்ளைக்கு முக்கியம். விடுதிகளுக்குச் 'சமூக நீதி விடுதி' என்று 2025-இல் பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர். அதற்கேற்ற விளக்கும் புத்தக அலமாரியும் நல்ல சாப்பாடும் அங்கே இருக்கின்றனவா என்று போய்ப் பார்ப்பது நம் வேலை.

அப்படிப் பார்ப்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு உண்டு. கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவதை நிறுத்துவோம். மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி, நூலக நேரம், என்.எம்.எம்.எஸ். வகுப்பு என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

துணைக்கு ஒரு ஆள்

1997-இல் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன் கேரளத்தின் உழவூரில் ஓர் ஏழைத் தலித் வீட்டுப் பிள்ளை. வயல் வரப்புகளில் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனார். கட்டணம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்க வழியில்லை. ஆஸ்துமாவால் வீட்டில் முடங்கியிருந்த அவரது அண்ணன், மற்ற மாணவர்களிடம் புத்தகங்களை இரவல் வாங்கி, கையால் எழுதிப் படி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பள்ளி அவரை வெளியே நிறுத்தியது. அந்த அண்ணன் அவரைப் படிப்புக்குள்ளேயே வைத்திருந்தார்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் அண்ணனோ அக்காவோ இன்று நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு மாலை தெருவின் கெட்டிக்காரப் பிள்ளையைச் செஞ்சி நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். நாளிதழைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மல்லாட்டை மூட்டை எடைபோடும்போது கணக்குப் போடச் சொல்லுங்கள். எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் என்று உங்கள் கைபேசியில் பார்த்து, அந்தத் தாயிடம் சொல்லுங்கள். அவளுக்கு அந்தத் தேதிதான் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

போன வாரம் அந்தத் தாயைக் களத்து மேட்டில் பார்த்தேன். குழுக் கடனை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று சொன்னேன். ஆசிரியரைப் போய்ப் பார்த்து 'மலர்' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். சாதிச் சான்றும் பிறப்புச் சான்றும் இப்போதே எடுத்து வையுங்கள், ஐந்தாம் வகுப்பு முடியும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, "அதுவரைக்கும் இது படிக்க என்னாண்ணா குடுக்கிறது? பொட்டலப் பேப்பரெல்லாம் தீந்துபோச்சி" என்றார்.

பையிலிருந்த நாளிதழை எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு வேறு யாராவது கொடுக்க வேண்டும். சகஜானந்தர் 25 பிள்ளைகளோடு தொடங்கினார். நம் தெருவில் நாம் ஒரு பிள்ளையோடு தொடங்கலாம்.